முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு: மாலத்தீவுக் கடலில் பத்து நாட்கள்

நாள் 1: மாலேயிலிருந்து திகுரா

விமானம் இறங்கிய கையோடு வேகப்படகில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு மணி நேரம். பின்னால் இயந்திரங்கள் உறும, படகு அலைக்கு அலை எகிறி எகிறி விழுந்தது. இப்போது திகுராத் தீவின் கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்பு இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது.

திகுரா, தெற்கு ஆரி அட்டோலில் இருக்கிறது. அட்டோல் என்றால் வளையமாகக் கிடக்கும் பவளத்திட்டும் தீவுகளும். ஒல்லியாக, நீண்டு கிடக்கும் தீவு. மாலத்தீவு மக்கள் பேசும் திவேஹி மொழியில் பெயருக்கே ‘நீளத் தீவு’ என்றுதான் பொருளாம். அட்டோல் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்ததும் திவேஹிதான். படகை இங்கே தோணி என்கிறார்கள். முதல் தடவை அந்தச் சொல் காதில் விழுந்தபோது திரும்பிப் பார்த்தேன், யாரோ தமிழில் கூப்பிட்ட மாதிரி.

நான் வந்தது திமிங்கலச் சுறாவைப் பார்க்க. பெயரில்தான் திமிங்கலம், ஆள் மீன். உலகிலேயே பெரிய மீன். 18 மீட்டர் வரை வளர்ந்தவை பதிவாகியிருக்கின்றன. அவ்வளவு பெரிய உடம்பு வாழ்வது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மிதவை உயிரிகளையும் மீன் முட்டைகளையும் வடிகட்டித் தின்று. தமிழில் இதற்கு அம்மணி உழுவை என்றும் ஒரு பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

ஒரு காலத்தில் இங்கேயும் இதை வேட்டையாடினார்கள். ஈரலில் இருந்து எடுத்த எண்ணெயை மரத்தோணிகளுக்குப் பூசினார்கள், மரம் உளுத்துப்போகாமல் இருக்க. 1995இல் திமிங்கலச் சுறாவைப் பிடிக்கத் தடை வந்தது. 2010இல் எல்லாச் சுறா வகைகளுக்கும், நாட்டின் கடல் முழுவதற்குமாகத் தடை வந்தது. அதனால்தான் இந்தக் கடலைத் தேர்ந்தெடுத்தேன். சுறாவைக் கொல்வதில்லை என்று முடிவெடுத்த ஒரு நாட்டில் சுறாக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

நாளை காலை எட்டரைக்குப் படகு.

நாள் 2: ஒன்றும் காணோம்

காலையில் கிளம்பி மதியம் மூன்று வரை தேடினோம். காணவில்லை.

ஆனாலும் வீண் நாள் இல்லை. தேடுவது எப்படி என்று தெரிந்துகொண்டேன். அட்டோலின் வெளிவிளிம்பை ஒட்டிப் படகு ஊர்ந்து போகிறது. ஒரு பக்கம் பச்சையாக ஆழமில்லாத பவளத்திட்டு, மறுபக்கம் சட்டென்று இறங்கும் கருநீலம். இரண்டும் சந்திக்கும் கோட்டில் நிழலைத் தேட வேண்டும். படகின் மேல்தட்டில் இரண்டு பேர் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றபடியே வந்தார்கள். ஆறு மணி நேரம் அப்படி நிற்க எனக்கு முடியாது.

எங்கள் வழிகாட்டி இந்த அட்டோலிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். “அது ஏன் மேலே வருது?” என்று கேட்டேன். குளிர் காயத்தான் என்றார். ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். திமிங்கலச் சுறா இரை தேடி இருட்டான, குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கும். ஒன்று 1,900 மீட்டருக்கும் கீழே போனது பதிவாகியிருக்கிறது. இந்த மீனுக்கு உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வசதி கிடையாது. அதனால் ஆழத்துக்குப் போய்வந்தபின் மேற்பரப்பில் மெதுவாக நீந்தி, வெயிலில் சூடேற்றிக்கொள்கிறது.

யோசித்துப் பார்த்தால் அங்கேதான் சிக்கல். அது அசந்து இளைப்பாறும் இடமும் படகுகள் ஓடும் இடமும் ஒன்றே. மேலிருந்து இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குள்.

இந்த வெளிவிளிம்பில் 42 சதுர கிலோமீட்டரை 2009இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தார்கள். இதற்குள் படகுகள் 10 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது. மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். இன்று நாங்கள் அங்கே இருந்த நேரத்தில் எங்களைக் கடந்து போன வேகப்படகுகளை எண்ணினேன். பதினொன்று. அவற்றில் மெதுவாகப் போனவை இரண்டு.

அப்புறம்தான் உறைத்தது. நேற்று நான் வந்த படகும் இதே விளிம்பைச் சுற்றித்தான் வந்தது. எங்கேயும் வேகம் குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

நாள் 3: பார்த்துவிட்டேன்

காலை பத்தேகாலுக்கு மேல்தட்டிலிருந்து ஒரு கத்தல். வழிகாட்டி குதித்துவிட்டார். பின்னாலேயே நாங்கள் ஆறு பேரும்.

தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் முதலில் நீலம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அந்த நீலத்தின் ஒரு பகுதியில் புள்ளிகள் தோன்றின. வெள்ளை வெள்ளையாக, வரிசை வரிசையாக. புள்ளிகள் முதலில் வந்தன, உடம்பு பிறகு வந்தது. அகலமான, தட்டையான தலை. வாயின் இரண்டு ஓரத்திலும் அந்த உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத சின்னக் கண். சுமார் ஆறு மீட்டர் நீளம் இருக்கும் என்றார்கள் பிறகு. என் அருகில் வந்தபோது அந்தக் கண் ஒரு முறை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி வெளியே வந்தது. அதற்கு இமை கிடையாது. கண்ணையே உள்ளே வாங்கிக்கொள்கிறது. அது நான் அருகில் இருந்ததால்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் அங்கேயே நின்றுவிட்டேன். காலை அடிக்கக்கூட மறந்துபோனது.

அது அவசரமே இல்லாமல் போனது. வால் இடமும் வலமும் ஒரு முறை அசைய நான் நான்கு முறை காலடிக்க வேண்டியிருந்தது. வயிற்றுக்குக் கீழே ஒட்டுமீன்கள், தாய்க்குப் பின்னால் போகும் பிள்ளைகள் மாதிரி.

முதுகுப் பக்கம் வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். முதல் முதுகுத் துடுப்பின் மேல்நுனி இல்லை. கத்தியால் சீவிய மாதிரி நேர்கோடு. அதற்குப் பின்னால், முதுகின் மேடு நெடுக, ஒன்றுக்கு ஒன்று சம இடைவெளியில் ஐந்து தழும்புகள். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். புள்ளிகள் அந்த இடத்தில் அறுந்து, தோல் வெளுத்து வழவழப்பாக இருந்தது. எந்த விலங்கின் பல்லும் இப்படிச் சம இடைவெளியில் பதியாது. சுழலும் புரொப்பல்லர் முதுகின்மேல் ஏறிப் போயிருக்கிறது.

ஒரு மீனுக்காக நான் கடலுக்குள் அழுவேன் என்று நினைத்ததில்லை. முகமூடிக்குள் கண்ணீர் வந்தால் துடைக்கவும் முடியாது.

சரி, மீதியையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் குதித்து ஐந்து நிமிடத்துக்குள் இன்னொரு படகு வந்தது. பிறகு இன்னொன்று. படகோட்டிகளின் அலைபேசிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கால் மணி நேரத்தில் தண்ணீரில் நாற்பது பேராவது இருந்தோம். உடம்பிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் விலகியிருக்க வேண்டும், தொடக்கூடாது, பிளாஷ் கூடாது என்பது இங்கே வகுத்த விதி. படகில் எல்லோருக்கும் சொல்லித்தான் இறக்குகிறார்கள். ஆனால் நாற்பது பேர் ஒரே மீனைச் சூழ்ந்தால் மூன்று மீட்டர் எங்கிருந்து கிடைக்கும்? ஒருவர் படம் எடுக்க அதன் தலைக்கு நேரே கீழே முங்கினார். இன்னொருவரின் கால்துடுப்பு அதன் விலாவில் பட்டதை என் கண்ணால் பார்த்தேன். அது ஒரு முறை சிலிர்த்தது. தலையைத் தாழ்த்தியது. அவ்வளவுதான், கருநீலத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. வெயில் காய வந்தது. நாங்கள் விடவில்லை.

மாலையில் மாலத்தீவு திமிங்கலச் சுறா ஆய்வுத் திட்டத்துக்கு என் படங்களை அனுப்பினேன். 2006 முதல் இந்த அட்டோலில் வேலை செய்கிறார்கள். செவுள் பிளவுகளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு மீனுக்கும் தனி, நம் கைரேகை போல. விண்மீன் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் உருவாக்கிய கணக்குமுறை ஒன்று உண்டு. அதை 2005இல் இந்தப் புள்ளிகளுக்குப் பொருத்தினார்கள். வானத்தைப் படித்த மாதிரியே மீனையும் படிக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! பதில் வர நாளாகும் என்றார்கள். காத்திருக்கிறேன்.

நாள் 4: காற்று

கச்சான் காற்று பலமாக வீசுகிறது, படகு இல்லை. நேற்றைய தழும்புகள் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் நாள் முழுக்க அதைப் பற்றியே படித்தேன்.

இங்கே வருபவை பெரும்பாலும் பருவம் எய்தாத இளம் ஆண் மீன்கள். கணக்கில் உள்ளவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் உடம்பில் ஏதோ ஒரு காயம் இருக்கிறது. ஒரு ஆறுதல், இவை வேகமாகக் குணமாகக்கூடியவை. பெரிய வெட்டுக் காயங்களும் சில வாரங்களில் பெருமளவு மூடிக்கொள்வதை ஆய்வாளர்கள் படங்களைக் கொண்டே கணக்கிட்டிருக்கிறார்கள். வெட்டுப்பட்ட முதுகுத் துடுப்பு ஓரளவு மறுபடி வளர்ந்ததையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாம் பார்ப்பது பிழைத்தவற்றை மட்டும்தானே?

இது படகு மோதுவது பற்றி. கப்பல் மோதினால்? 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உலகம் முழுவதும் அடையாளக் கருவி பொருத்திய திமிங்கலச் சுறாக்களின் நடமாட்டத்தையும் பெரிய கப்பல்களின் தடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தது. அவை நடமாடும் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் கப்பல் தடங்களோடு ஒன்றிப்போனது. போக்குவரத்து நெருக்கடியான இடங்களில் கருவிகளின் சமிக்ஞை அதிகமாக அறுந்துபோயிருந்தது. சிலவற்றில் கடைசியாகப் பதிவானது, மீன் மெல்ல மெல்லக் கடலடிக்கு மூழ்கிய ஆழக் கணக்கு. திமிங்கலம் செத்தால் மிதக்கும், கரை ஒதுங்கும், நாலு பேர் பார்ப்பார்கள். இது செத்தால் மூழ்கிவிடும். அதனால்தான் இத்தனை காலம் யாரும் எண்ணவில்லை. கப்பலில் இருப்பவருக்கு மோதியதே தெரியாது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் திமிங்கலச் சுறாவை அருகிவரும் இனம் என்று அறிவித்தது. 75 ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதாக மதிப்பீடு. முழுப் பருவம் அடையவே இருபத்தைந்து, முப்பது வருடங்கள் ஆகும் உயிர் இது. இன்று ஒன்றை இழந்தால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை வேண்டும்.

நாள் 5: வலை

இன்று சுறா தேடிப் போகவில்லை. வேகப்படகு வேண்டாம் என்று சொல்லி, சரக்குத் தோணி ஒன்றில் மாலேக்குக் கிளம்பினேன். மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை. அதில் இயந்திரம் பார்க்கும் பையன் தமிழ் பேசுகிறவர். நான் அலைபேசியில் பேசுவதைக் கேட்டுவிட்டு, “அக்கா தமிழா?” என்று ஓடி வந்தார். இங்கே வருவதற்குமுன் வலைத் தொழிலில் இருந்தாராம்.

பதினொரு மணி வாக்கில் தண்ணீரில் ஒரு மேடு தெரிந்தது. மேலே நாலைந்து கடற்பறவைகள். செத்த திமிங்கலம் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போனால் வலை. பச்சையும் நீலமுமாக, பாசி பிடித்து, கொட்டலசு ஒட்டி, ஒரு சின்ன அறை அளவுக்குச் சுருண்ட வலை. தோணியை நிறுத்தினார்கள். நான்கு பேர் கொக்கி போட்டு இழுத்தும் மேலே ஏற மறுத்தது. கடைசியில் பாதி பாதியாக அறுத்துத்தான் ஏற்றினார்கள். அரை மணி நேரம் ஆனது. யாரும் முணுமுணுக்கவில்லை. அதை அங்கேயே விட்டுப் போக யாருக்கும் மனமில்லை.

தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலையை விரல் விரலாகப் பிரித்தார். “இது ஒரே வலை இல்ல அக்கா, மூணு வலை. இந்தா, இது வழிவலை. கண்ணி பெரிசு பாருங்க. இது இழுவை மடியோட வால். இது என்னன்னு எனக்கே தெரியல.” வழிவலையின் முடிச்சைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, “இந்த மாதிரி வலைய நானே கட்டியிருக்கேன் அக்கா” என்றார்.

எந்த நாட்டு வலை என்று அதில் எழுதியிருக்காது. ஆனால் ஒன்று உறுதி, இது மாலத்தீவு வலையாக இருக்க வாய்ப்பில்லை. இங்கே சூரையைத் தூண்டிலில், ஒன்றொன்றாகப் பிடிக்கிறார்கள். சின்ன இரைமீன் பிடிப்பதைத் தவிர வலைக்கு வேலையே இல்லை. பருவக்காற்றும் நீரோட்டமும் சுற்றியுள்ள கடல்களிலிருந்து அறுந்துபோன வலைகளை இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. வங்கக் கடலும் அரபிக்கடலும் அந்தக் கணக்கில் உண்டு. நம் கரைகளும் உண்டு. அறுந்துபோன வலைக்கு வேலை முடிவதில்லை. மீன் சிக்கும், அந்த மீனைத் தின்ன வருவது சிக்கும், அதைத் தின்ன வருவதும் சிக்கும். நைலான் மட்கிப்போகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வலையின் நடுவில் ஒரு சின்ன ஓடு கிடைத்தது. ஆமை ஓடு, இரண்டு கை அகலம். உள்ளே ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயத்தையும் தம்பிதான் நினைவுபடுத்தினார். சுருக்குமடிக் கப்பல்கள் சூரையைத் திரட்டுவதற்காகக் கடலில் மிதவைக் கட்டுகளை விடுகின்றன. மேலே தெப்பம், செயற்கைக்கோளோடு பேசும் கருவி. கீழே தொங்குவது பழைய வலை. நிழலுக்கு வரும் பட்டுச் சுறாக்கள் அந்த வலையில் சிக்கிச் சாகின்றன. இந்தியப் பெருங்கடலில் மட்டும் ஆண்டுக்கு 4,80,000 முதல் 9,60,000 வரை இப்படிச் செத்திருக்கலாம் என்று 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்புறம்தான் சிக்காத வகையில் கட்ட வேண்டும் என்ற விதிகள் வந்தன. ஏற்கெனவே விட்டவை எத்தனை இன்னும் மிதக்கின்றனவோ.

நாள் 6: பா அட்டோல், ஆமை மருத்துவமனை

மாலேயிலிருந்து தரவந்தூவுக்கு விமானத்தில் அரை மணி நேரம்கூட இல்லை. அங்கிருந்து, முன்பே கேட்டு வாங்கிய அனுமதியோடு, துனிகொலு தீவில் உள்ள கடலாமை மீட்பு மையத்துக்குப் போனேன். ஆலிவ் ரிட்லி திட்டம் என்ற அமைப்பு 2017இல் தொடங்கிய மையம் இது. ஆலிவ் ரிட்லி என்பது நம் பங்குனி ஆமைதான்.

தொட்டியில் ஒரு பங்குனி ஆமை. இடது முன்துடுப்பு தோளோடு இல்லை. வலதில் எலும்பு தெரிய வலை இறுக்கியிருந்ததாம், இப்போது சதை மூடிவிட்டது. அது முங்க முயன்றுகொண்டே இருந்தது. தலையைக் கீழே குத்தி, ஒற்றைத் துடுப்பால் துழாவி, முன்பாதி இறங்கும். பின்பாதி மட்டும் காற்றடைத்த பந்து மாதிரி மேலேயே நிற்கும். மறுபடி முயற்சி. மறுபடி. நான் இருந்த அரை மணி நேரமும் அது ஓயவில்லை. வலையில் சிக்கி மூச்சுக்குப் போராடும்போது நுரையீரல் கிழிந்து காற்று உடம்புக்குள் கசிவதாலும் இப்படி ஆகுமாம். முங்க முடியாத ஆமை கடலில் இரை தேட முடியாது, படகிலிருந்து தப்பவும் முடியாது.

“குணமாகுமா?” என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். சிலதுக்கு மாதங்கள் ஆகும், சிலதுக்கு ஆகவே ஆகாது என்றார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். இன்னும் முயன்றுகொண்டிருந்தது.

பங்குனி ஆமைகள் மாலத்தீவில் முட்டையிட வருவது மிக அரிது. முட்டையிடும் பெருங்கூட்டங்கள் இந்தியக் கிழக்குக் கரையில்தான், ஒடிசாவில். இங்கே இவை தாமாக வருவதைவிட வலையோடு வந்து சேர்வதே அதிகம். நேற்றைய ஓடு ஞாபகத்துக்கு வந்தது. அதை நான் தூக்கிப் போடவில்லை, மையத்தில் கொடுத்துவிட்டேன். அவர்கள் வலையின் கண்ணி அளவு, நிறம், கிடைத்த இடம் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

நாள் 7: ஹனிஃபாரு

இந்தப் பயணத்தில் மனசு நிறைந்த நாள் இது.

ஹனிஃபாரு ஒரு சின்ன வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நீரோட்டம் மிதவை உயிரிகளை அள்ளிக்கொண்டு வந்து இதற்குள் கொட்டும். கொம்புத் திருக்கைகள் அதைத் தேடி வரும், நல்ல நாளில் நூறுக்கும் மேலேகூட. 2009இல் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. 2011இல் பா அட்டோல் முழுவதும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். காற்று உருளையோடு முங்கும் ஸ்கூபா கூடாது, மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும். ஒரு குழுவுக்கு 45 நிமிடம். வாசலில் காப்பகக் காவலர் படகு நின்று எண்ணி எண்ணி உள்ளே விடுகிறது. திகுராவில் நாற்பது பேரோடு நீந்திவிட்டு இங்கே வந்தால் ‘இப்படிக்கூட நடத்த முடியுமா’ என்று இருக்கிறது. முடிகிறதே!

இருபது இருக்கும். சிறகு விரித்து, வாய் அகலத் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டன. ஒன்று எனக்கு நேரே வந்து, இடித்துவிடும் என்று நான் மூச்சைப் பிடித்த நொடியில், வெள்ளை வயிற்றைக் காட்டிக் குட்டிக்கரணம் அடித்துக் கீழே போனது. வயிற்றுப் புள்ளிகளை வைத்தே இவற்றையும் ஆள் அடையாளம் காண்கிறார்கள்.

கடைசியாக வந்த ஒன்றுக்கு வாயோரத்துக் கொம்பு ஒன்று பாதியில் நின்றிருந்தது. தூண்டில் நரம்பு அறுத்திருக்கும் என்றார் காவலர். திருக்கை பின்னோக்கி நீந்தாது. நரம்பிலோ நங்கூரக் கயிற்றிலோ மாட்டினால் உருண்டு உருண்டு இன்னும் இறுக்கிக்கொள்ளும். நகர முடியாமல் போனால் செவுளில் தண்ணீர் ஓடாது, மூச்சு முட்டிச் செத்துவிடும். இதுபோக, இவற்றின் செவுள் தட்டுகளை மருந்து என்று நம்பி வாங்கும் சந்தை சீனாவில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் எதுவுமில்லை. ஒரு தாய் ஈனுவது ஒரே ஒரு குட்டி, அதுவும் சில வருடங்களுக்கு ஒரு முறை. இதை மீன் என்று கணக்கில் எழுதி, மீன் மாதிரியே பிடிப்பது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

நாள் 8

மழை. விமான நிலையம், இன்னொரு விமானம், நிலநடுக்கோட்டைத் தாண்டி ஃபுவாமுலா. ஒரே தீவுதான் ஓர் அட்டோல் முழுக்க. தூங்கப் போகிறேன்.

நாள் 9: புலிச்சுறா

ஃபுவாமுலாவில் மீன் வெட்டிய கழிவைத் துறைமுக வாயில் கடலில் கொட்டும் வழக்கம் பல காலமாக உண்டு. அந்த வாசனைக்குப் புலிச்சுறாக்கள் வரப் பழகின. இதுவரை 200க்கும் மேற்பட்ட தனித்தனிப் புலிச்சுறாக்களை இங்கே ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். இப்போது அவற்றைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். இரை போட்டு வரவழைப்பது சரியா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இருந்தும் இறங்கினேன்.

பத்து மீட்டர் ஆழத்தில் பாறையை ஒட்டி முழந்தாளிட்டு உட்கார வேண்டும். பயம் இல்லை என்று சொன்னால் பொய். மூன்று மீட்டருக்கும் மேல் நீளமான பெண் சுறா ஒன்று இடப்பக்கத்திலிருந்து வந்தது. விலாவில் வரிகள் மங்கியிருந்தன. வயது ஏற ஏற மங்குமாம். என்னைக் கடக்கும்போது அதன் வாயோரத்தைப் பார்த்தேன். துருப்பிடித்த பெரிய கொக்கி ஒன்று தாடையைத் துளைத்து நிற்க, அதிலிருந்து ஒரு முழ நரம்பு பின்னால் ஆடிக்கொண்டே போனது. ஆயிரங்கால் தூண்டிலை அறுத்துக்கொண்டு பிழைத்தது போலிருக்கிறது. இந்த நாட்டின் கடல் எல்லை சுறாவுக்குத் தெரியாது. எல்லைக்கு அப்பால் அதற்காக வைத்த கொக்கி இருக்கிறது. பயம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கொக்கியை யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்றுதான் இருந்தது.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி சுறாக்கள் கொல்லப்படுவதாக 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970இலிருந்து 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021இல் இன்னொன்று. துடுப்புக்கு, இறைச்சிக்கு, ஈரல் எண்ணெய்க்கு, பல வேறு மீனுக்கு வைத்த வலையில் தற்செயலாக.

ஈரல் எண்ணெய் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இரண்டு நாளாக மனதில் உறுத்துகிறது. மாலத்தீவில் 1980இல் ஆழ்கடல் கல்ப்பர் சுறாக்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அவற்றின் ஈரலில் உள்ள ஸ்குவாலீன் எண்ணெய் அழகுசாதனப் பொருட்களுக்குப் போகும். இரண்டு வருடம் நல்ல வரவு, பிறகு இறங்குமுகம். இருபதாண்டுகளில் பிடிக்கவே மீன் இல்லை. அந்தச் சுறா இரண்டு வருடம் வரை கருச்சுமந்து ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும். 2010 தடை அதையும் காப்பாற்றியது. 2025இல் அதை மறுபடி பிடிக்க அனுமதிக்கப் போவதாக அரசு அறிவித்தது. மீனவர்களின் வருமானம் எனக்குப் புரிகிறது, அதை அலட்சியமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு முறை காலி செய்த பானையில் மறுபடி கரண்டி போட்டால் என்ன வரும்? கிரே ரீஃப் சுறா ஒன்றைப் பிடித்து விற்றால் மீனவருக்கு 32 டாலர். அதே சுறா ஆரி அட்டோலின் பேர்போன முக்குளிப்புத் தளம் ஒன்றில் உயிரோடு இருந்தால் ஆண்டுக்கு 33,500 டாலர் வரும். 1990களின் தொடக்கத்திலேயே கடல் உயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைப் பார்த்து மனம் மாறிய நாடு இது.

நாள் 10: மாலே விமான நிலையம்

திரும்பும் விமானத்துக்குக் காத்திருக்கும்போது திகுராவிலிருந்து பதில் வந்தது. புள்ளிகள் பொருந்திவிட்டன. என் சுறா அவர்கள் பட்டியலில் ஏற்கெனவே எண் உள்ள ஓர் ஆண். நான்கு வருடங்களாக அதே விளிம்புக்கு வந்துபோகிறது.

கூடவே இரண்டு படங்கள். முதல் படம் மூன்று வருடத்துக்கு முன் எடுத்தது. முதுகுத் துடுப்பு முழுசாக இருக்கிறது, நுனி லேசாக வளைந்து. முதுகு நெடுகப் புள்ளி வரிசை அறுபடாமல் வால்வரை ஓடுகிறது. இரண்டாவது, போன வருடம் எடுத்தது. துடுப்பின் நுனி இல்லை. வெட்டு இன்னும் புதுசு, உள்ளே இளஞ்சிவப்புச் சதை தெரிகிறது. ஐந்து கோடுகளும் இருக்கின்றன. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: மூன்றாவது படம் உங்களுடையது, காயம் நன்றாக ஆறியிருக்கிறது, நன்றி.

திகுராவிலிருந்து வந்த வேகப்படகில் இருந்தவர் ஒருவர் பக்கத்து இருக்கையில். சுறா பார்த்தாராம், மகிழ்ச்சியாக இருக்கிறார். படகு எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார், ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டோம் என்று. நான் அலைபேசியைத் திருப்பி அந்த மூன்று படங்களையும் அவருக்குக் காட்டினேன்.